மூத்தவர்கள் பட்டம் பெற்றுப் போன பின்னும் அணி ஓட வேண்டும்

இலங்கையின் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் பொறியியல் மாணவரின் போட்டி அணியொன்றைப் பொறுப்பேற்பவர் முதலில் கணக்கிட வேண்டியது மாணவரின் காலத்தைத்தான். பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். முதலாம் ஆண்டை அடிப்படைப் பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன; இடையில் தொழிற்பயிற்சிக்காகப் பலர் கொழும்புப் பக்கம் போய்விடுகிறார்கள்; இறுதியாண்டில் ஆய்வுத் திட்டம் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு மாணவரின் முழு உழைப்பும் அணிக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. அவர் வெளியேறும்போது அவர் கற்றதும் கூடவே வெளியேறிவிடக்கூடாது என்பதே என் முதன்மையான கவலை.

புதிதாகச் சேரும் மாணவருக்கு நான், மாணவர்களே பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டி ஓட்டும் 'பார்முலா ஸ்டூடன்ட்' போட்டியின் புள்ளி முறையைக் காட்டுவதுண்டு. மொத்தம் 1000 புள்ளிகளில் 325 புள்ளிகள், கார் ஓடுவதற்கு முன்பே, வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்துக்கு 75 எனப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பற்சக்கர விகிதத்தை ஏன் இவ்வாறு தெரிவுசெய்தீர்கள் என்று நடுவர் கேட்கும்போது, "போன பட்ச் அண்ணாமார் அப்படித்தான் வைத்தார்கள்" என்ற பதிலால் எந்தப் பயனும் இல்லை. ஏறத்தாழ 22 கிலோமீற்றர் நீளும் தாங்குதிறன் ஓட்டத்தில், தளர்ந்த ஒரு மரையாணியே காரை நிறுத்திவிடப் போதுமானது.

இதற்காகவே ஒவ்வொரு முடிவையும், அதன் காரணத்தையும், கைவிட்ட மாற்று வழிகளையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறேன். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் சேர்ந்த அணியில் விவாதம் எந்த மொழியிலும் நடக்கலாம். பதிவு மட்டும் எல்லோரும் வாசிக்கக்கூடிய ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும். எழுதும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவரிடமே கொடுக்கிறேன், ஏனெனில் விளங்காததை வெட்கப்படாமல் கேட்கும் வயது அது.

ஊரின் நடைமுறையும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பெரும்போக நெல் அறுவடை தொடங்கிவிட்டால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து லேத் பட்டறைகளில் உழவு இயந்திர வேலைகளே குவிந்திருக்கும் என்பதால், கடைசல் வேலைகளை அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கடற்காற்றில் இணைப்பான்கள் பச்சை பிடிக்கும் என்பதும் எழுதப்பட வேண்டியதே.

மூத்தவர்கள் பயிற்சிக்குப் புறப்படுமுன் அவர்கள் வாய் திறவாமல் நிற்க, இளையவர்கள் பதிவேட்டை மட்டும் பார்த்து இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். கை தடுமாறும் இடத்துக்குரிய பக்கம் அன்றைக்கே திருத்தி எழுதப்படுகிறது. இம்முறை மின்கம்பித் தொகுதிக்கான பக்கங்களே மிகவும் குறைவாக இருப்பதால், அடுத்த சனிக்கிழமையை அவற்றுக்கென ஒதுக்கியிருக்கிறோம்.