வார்டுக்குள் ஏஐ வரும்முன் போட வேண்டிய கணக்கு

நோயைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஏஐ மென்பொருளை மருத்துவமனைக்கு விற்க வருபவர்கள் முதல் ஸ்லைடிலேயே 90, 95 சதவீதம் என்று துல்லியத்தைக் காட்டிவிடுவார்கள். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வார்டில் அந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளைக் கெடுக்கும் ஆபத்தான நிலை) எச்சரிக்கையை எடுத்துக்கொள்வோம். 1000 நோயாளிகளில் 20 பேருக்கு செப்சிஸ். மென்பொருளின் உணர்திறன் (நோய் உள்ளவர்களில் பிடிப்பது) 90 சதவீதம், தனித்தன்மையும் (நோய் இல்லாதவர்களைச் சரியாக விட்டுவிடுவது) 90 சதவீதம். 20 பேரில் 18 பேரைப் பிடித்துவிடும், சபாஷ். மீதி 980 பேரில் 98 பேருக்கும் சேர்த்து அலாரம் அடிக்கும். மொத்தம் 116 அலாரம், நிஜம் 18. ஆறுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. இதை ஒரு வாரம் பார்த்த நைட் டியூட்டி நர்ஸ், எச்சரிக்கைப் பெட்டி திரையில் வந்ததும் படிக்காமலே மூடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

நிஜத்தில் இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. மருத்துவமனைப் பதிவு மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் மாடலை (கணிப்பைச் சொல்லும் ஏஐ நிரலை) அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டது. அட்மிஷன்களில் 18 சதவீதத்துக்கு அலாரமும் அடித்தது.

ஆகவே வாங்கியவுடன் ஆன் செய்யாதீர்கள். முதலில் மௌனமாக ஓடட்டும். மாடல் சொல்வதெல்லாம் தனி லாகில் (பதிவுக் கோப்பில்) பதிவாகும், டாக்டர் கண்ணில் படாது. எத்தனை நாள் என்று கேட்பதைவிட எத்தனை கேஸ் என்று கேட்பது சரி: நோய் உறுதியானவர்கள் குறைந்தது 100 பேராவது சேர வேண்டும். அரிதான நோய் என்றால் மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பிறகு வார்டில் கேளுங்கள்: ஒரு ஷிப்டில் எத்தனை அலாரத்துக்கு எழுந்து போய்ப் பார்க்க முடியும்? மூன்று என்றால், மூன்று வரும்படி வெட்டுப்புள்ளியை, அதாவது மாடலின் மதிப்பெண் எதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும் என்ற எல்லையை, வையுங்கள். அதில் தவறிப்போகிறவர்களின் எண்ணிக்கை ஏற்க முடியாததாக இருந்தால் அந்த மாடல் அந்த வார்டுக்கு வேண்டாம்.

லாகில் நேரத்தையும் பாருங்கள். சில மாடல்கள் ஆன்டிபயாடிக் ஆர்டரையே உள்ளீடாக எடுத்துக்கொள்ளும். டாக்டர் சந்தேகப்பட்டு மருந்து எழுதிய பிறகு "செப்சிஸாக இருக்கலாம்" என்று மெஷின் சொன்னால் யாருக்கு என்ன லாபம்? பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்த நேரம், முதல் ஆன்டிபயாடிக் ஆர்டர் நேரம், இரண்டுக்கும் முன்னால் வந்த அலாரத்தை மட்டும் வெற்றியாக எண்ணுங்கள்.

எக்ஸ்ரேயில் வேறு விதமான வம்பு. நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) கண்டுபிடிக்கும் மாடல் நெஞ்சில் போட்ட டியூபைப் பார்த்தே "இருக்கிறது" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கும். டியூப் போட்டவருக்கு ஏற்கெனவே சிகிச்சை நடக்கிறது. டியூப் இல்லாத படங்களைத் தனியாகப் பிரித்துச் சோதித்தால் குட்டு வெளிப்படும். டைகாம் ஹெடரையும் (படக் கோப்போடு வரும் விவரக் குறிப்பையும்) நம்பாதீர்கள். எந்தக் கோணத்தில் எடுத்தது என்ற இடம் காலியாகவோ தப்பாகவோ இருந்தால், முன்பக்கப் படத்துக்கான மாடலுக்குப் பக்கவாட்டுப் படம் போய்ச் சேரும். அது தயங்காமல் ஒரு மதிப்பெண்ணும் போட்டுவிடும். மோனோகுரோம்1 என்று குறிக்கப்பட்ட வகைப் படத்தில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ். மென்பொருள் அதைத் திருப்பாமல் வாசித்தால் நுரையீரல் முழுக்க வெள்ளை.

"படம் சரியில்லை" என்று மென்பொருள் தள்ளுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தாய்லாந்து கிளினிக்குகளில் கூகுளின் விழித்திரைப் பரிசோதனை பற்றி 2020இல் வந்த ஆய்வில், 21 சதவீதப் படங்களை மாடல் ஏற்கவே இல்லை. அறை வெளிச்சம் ஒரு காரணம். ஸ்லைடில் இருக்கும் துல்லியம் பெரும்பாலும் ஏற்கப்பட்ட படங்களுக்கு மட்டுமானது.

ஓட ஆரம்பித்த பிறகு கெடுப்பவை பெரும்பாலும் அற்பமானவை. லேப் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) அலகை மில்லிகிராம்/டெசிலிட்டரிலிருந்து மைக்ரோமோல்/லிட்டருக்கு மாற்றினால் எண் 88.4 மடங்காகும். லேக்டேட் (செப்சிஸில் உயரக்கூடிய ரத்த அளவு) பரிசோதனைக்கு அனுப்பப்படாதபோது மாடல் காலி இடத்தை "நார்மல்" என்று நிரப்பிக்கொள்ளும். எந்த அலாரமும் அடிக்காததால் யாருக்கும் தெரியாது. ஒரு நாளைய சராசரி அலாரம் திடீரெனப் பாதியானாலோ இரட்டிப்பானாலோ ஐடி ஆளுக்குத் தகவல் போகும்படி செய்துவையுங்கள். புது வெர்ஷன் வந்தால், மௌன ஓட்டத்தில் சேமித்த கேஸ்களை அதில் மறுபடி ஓட்டி, பழைய விடைகளோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றச் சொல்லுங்கள். தானாக அப்டேட் ஆகக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது உத்தமம்.