4,750 வெள்ளித் துப்பாக்கி

19 அக்டோபர் 2024, சனிக்கிழமை

சமூக மன்றத்துப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. நவம்பர் 9. ஆட்டம் கவுண்டர் ஸ்ட்ரைக் 2: ஐவர் அணிகள் இரண்டு சுட்டுக்கொள்ளும் கணினி ஆட்டம். ஓர் அணி வெடிகுண்டு வைக்கப் பார்க்கும், மற்றது காக்கும். எங்கள் அணியில் முதலில் பெரியப்பா மகன், அவருக்கு வீட்டில் எல்லாரும் வைத்த பெயர் பெரியண்ணன். அடுத்து நான், தம்பி, தம்பியோடு தேசிய சேவை செய்த நண்பர்கள் இருவர். ஒருவன் மலாய்க்காரன், ஒருவன் சீனன். ஆகவே ஆட்டத்தில் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும், திட்டு மட்டும் தமிழில்.

வயதுக்கும் அனுபவத்துக்கும் பெரியண்ணன்தான் தலைவர். யாருக்கு என்ன பொறுப்பு என்று பிரித்தபோது, “ஏடபிள்யூபி இவளுக்கு” என்று என்னைக் காட்டினார். ஸ்கோப் என்ற தொலைநோக்கிக் குழல் பொருத்திய நீளத் துப்பாக்கி அது; தூரத்திலிருந்து சுடுவதற்கு. தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. எங்களில் சுடுவதில் வேகம் அவனுக்குத்தான்.

“அக்காவுக்கு ஏன்?”

“அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியும்.”

புகழ்ச்சியா என்று நான் கேட்கவில்லை. ஆனால் காரணம் புரிகிறது. எல்லாம் ஆட்டத்துக்குள் வரும் காசுக் கணக்கு. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதைக் கொடுத்துத்தான் ஆயுதம் வாங்க வேண்டும்; செத்தால் ஆயுதம் போய்விடும். அந்தத் துப்பாக்கி 4,750 வெள்ளி. கவசமும் தலைக்கவசமும் இன்னொரு 1,000. ஏகே-47 வெறும் 2,700. எதிரிகளை வீழ்த்திச் சுற்றை வென்றால் தலைக்கு 3,250 வருகிறது; தோற்றால் குறைந்தபட்சமாக 1,400தான். சாதாரண ரைஃபிளால் ஒருவனை வீழ்த்தினால் 300 வெள்ளி பரிசு, ஏடபிள்யூபியால் வீழ்த்தினால் 100. அதாவது அதிக விலை கொடுத்து வாங்கி, குறைவாகச் சம்பாதிக்கும் பொருள் அது. 13 சுற்று வென்றால் ஆட்டம் முடிந்துவிடும் இந்த நாளில், அதை இரண்டு முறை தொலைத்தால் ஒரு பாதி ஆட்டமே கையை விட்டுப் போய்விடும்.

பல சுற்றுகளில் எனக்காக அதை வாங்கித் தரையில் போடப்போவதும் இன்னொருவர்தான். பெரியண்ணன் கேட்ட ஒரே கேள்வி: “நீ செத்தால் யார் காசு?”

22 அக்டோபர், செவ்வாய்க்கிழமை

ஏடபிள்யூபியைக் கையில் எடுத்தால் திரையின் நடுவே குறி தெரியாது. மற்ற ரைஃபிள்களுக்கு உண்டு. இதற்கு ஸ்கோப்பைத் திறந்தால்தான் கோடுகள் வரும். அதனால் நடுப்புள்ளி எங்கே என்று கண்ணுக்குப் பழக, ஆட்டக்காரர்கள் திரையிலேயே எதையாவது ஒட்டிக்கொள்வது பழைய வழக்கம். தம்பி அம்மாவின் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து இருப்பதிலேயே சிறிய கறுப்புப் பொட்டை உரித்து ஒட்டிவிட்டான். கொஞ்சம் இடப்பக்கம் விலகியிருந்தது. அளவுகோலை வைத்து மூலைக்கு மூலை அளந்து, நகத்தால் நகர்த்திச் சரி செய்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டருக்கு வளைகாப்பா?” என்றார்.

பொட்டு எதற்கென்றால், ஸ்கோப்பைத் திறக்கும் முன்பே குறி இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். மூலையில் ஒரு ஆள் வந்தால் அவன் மார்பு எந்த உயரத்தில் தெரியுமோ, அந்த உயரத்தில் பொட்டு. பிறகு திறந்தால் பார்வைக்குள்ளேயே ஆள் நிற்பான். ஸ்கோப்பைத் திறந்தபடி ஊரைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நடைவேகம் பாதியாகிவிடுகிறது, வட்டத்துக்கு வெளியே உலகமே தெரிவதில்லை. நடந்துகொண்டே சுட்டால் குண்டு எங்கேயோ போகும். நின்றுதான் சுட வேண்டும். இடப்பக்கம் ஓடுகிறோம் என்றால் வலப்பக்க விசையை ஒரு தட்டுத் தட்டியதும் உடல் நிற்கும், அந்தக் கணத்தில் விரல்.

தலையைக் குறிவைக்காதே என்பதும் இன்னொன்று. தம்பிக்கு ஏகே பழக்கம், அவன் கண் தானாகத் தலைக்குப் போகிறது. ஏடபிள்யூபிக்கு இடுப்புக்கு மேல் எங்கே பட்டாலும் கவசத்தோடு ஆள் காலி. காலில் பட்டால் மட்டும், முழு உயிரோடு இருப்பவன் தப்பிவிடுவான். அத்தனை பெரிய மார்பை விட்டுவிட்டு அத்தனை சின்னத் தலையைத் தேடுவானேன்?

25 அக்டோபர், வெள்ளிக்கிழமை

இன்று முழுவதும் மிராஜ் களம். காக்கும் அணியில் என் இடம் ஜன்னல் அறை. அங்கிருந்து பார்த்தால் நடுச்சாலை முழுவதும் கண்ணில் விழும். எதிரிகள் மேலே பெட்டிகளின் ஓரமாக வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். புதிதாகக் கற்பவர்கள் சுவரின் விளிம்போடு ஒட்டிக் குறியை வைப்பார்கள். விளிம்பில் தலை தெரிந்ததும் சுடலாம் என்ற நினைப்பு. ஆனால் கண் பார்த்து மூளை சொல்லி விரல் அழுத்துவதற்குள் கிட்டத்தட்ட கால் வினாடி ஓடிவிடும். அதற்குள் வந்தவன் குறியைத் தாண்டிப் போயிருப்பான். ஆகவே விளிம்புக்கும் குறிக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். மெதுவாக எட்டுகிறவனுக்கு, என் திரையில், சுண்டுவிரல் அகலம். ஓடி வருகிறவனுக்கு இரண்டு விரல். எவன் எப்படி வருவான் என்பதை முதல் சில சுற்றுகளிலேயே கணித்துக்கொள்ள வேண்டும். மனிதர்கள் பழக்கத்தின் அடிமைகள்; ஓடி வருகிறவன் ஓடியே வருவான்.

சுட்டாயிற்று. பட்டதோ படவில்லையோ, அடுத்த வேலை அங்கிருந்து போவது. இதைத்தான் தம்பியால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. “இன்னொருவன் வருவானே அக்கா, அவனையும் சுடலாமே?” வருவான்தான். ஆனால் இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு வருவான். அடுத்த குண்டு ஏற ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும். அந்த ஒன்றரை வினாடி அவனுடையது.

நல்ல எதிரிகள் சுற்று தொடங்கியதுமே ஜன்னலில் புகைக்குண்டைப் போட்டுவிடுகிறார்கள். அப்போது அங்கே நிற்பதில் பயன் இல்லை. பெரியண்ணன் ஒன்று செய்தார். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்ததிலிருந்து, புகைக்குள் கையெறிகுண்டு வெடித்தால் கண நேரம் புகை விலகும். அவர் வீசினார், புகையில் ஓட்டை விழுந்தது, அதற்குள் நடுச்சாலையில் தைரியமாக நடந்துகொண்டிருந்த ஒருவன் முழு உடலோடு தெரிந்தான். அந்த ஒரு சுடுதலுக்குப் பிறகு எதிரணி நடுச்சாலைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. மீதிச் சுற்றுகளில் நான் பெரும்பாலும் யாரையும் சுடவில்லை. தம்பியும் நண்பர்களும் இரண்டு பக்கமும் நிம்மதியாகச் சுட்டார்கள். முடிவில் யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற பட்டியலில் நான் நான்காவது. தம்பி அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். சிரிக்கட்டும்.

27 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

பயிற்சி இல்லை. தேக்காவில், அதாவது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தீபாவளிக் கூட்டம். கேம்பல் லேனில் அம்மா ஒரு தோரணத்துக்கு நடத்திய பேரத்தில் இருந்த பொறுமை என் ஜன்னல் அறைப் பொறுமையைவிடப் பெரியது.

29 அக்டோபர், செவ்வாய்க்கிழமை

இரவுப் பணி இல்லாததால் திருச்சியில் இருக்கும் சித்தி மகனோடு ஒற்றைக்கு ஒற்றை ஆடினேன். சர்வர் சிங்கப்பூரில். எனக்கு அது பக்கத்து வீடு, அவனுக்குக் கடல் தாண்டி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கம்பிவடமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும் என்பதால், போய்வர மட்டுமே முப்பது மில்லிவினாடிக்குக் குறையாது. கருவிகளின் தாமதம் தனி.

“அக்கா, உங்களுக்குத்தான் வசதி” என்று புலம்பிக்கொண்டிருந்தான். ஆனால் அவன் ஓடி வந்து எட்டியபோதெல்லாம் முதலில் பார்த்தது அவன்தான். இது இணைய ஆட்டங்களின் பொது இயல்பு. நான் மூலையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன். அவன் வெளியே வருகிறான். நான் நிற்பது அவன் கணினிக்கு முன்பே தெரியும். அவன் வந்துவிட்டான் என்ற சேதி சர்வருக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வர நேரமாகும். அந்த இடைவெளியில் அவன் என்னைப் பார்க்கிறான், நான் வெறும் சுவரைப் பார்க்கிறேன்.

இதற்கு என்ன செய்வது? மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நிற்பது ஒன்று. மூலைக்கு நெருக்கமாக வருகிறவனின் தோள், அவன் கண் என்னைக் காணும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று, எப்போதும் காத்திருக்காமல் சில நேரம் நானே எட்டிச் சுட்டுவிட்டுப் பின்வாங்குவது. “சும்மா இருக்கத் தெரியும்” என்ற பெரியண்ணன் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

31 அக்டோபர், தீபாவளி

காலையில் எண்ணெய்க் குளியல், கோயில், பெரியப்பா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த ஆண்கள் எல்லாரும் சோபாவில் சாய்ந்தபோது பெரியண்ணன் பழங்கதை தொடங்கினார். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற பழைய பதிப்பின் காலத்தில் லேன் கடைகளில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியது, சுட்டவுடன் கத்தியை எடுத்து மறுபடி துப்பாக்கிக்கு மாறியது, எல்லாம். இப்போது அப்படி மாறுவதால் நேரம் மிச்சமாகாது. நான் இன்றும் கத்திக்கு மாறுவது ஓடுவதற்காக. கத்தியோடு ஓடினால் வேகம் 250, ஏடபிள்யூபியோடு 200.

ஆட்டத்தை நடத்துகிறவர்கள் இந்தத் துப்பாக்கியை அடிக்கடி கட்டிப்போட்டுப் பார்க்கிறார்கள். 2015இல் ஸ்கோப் திறந்து நடக்கும் வேகத்தைக் குறைத்தார்கள். 2022 நவம்பரில் ஒரு தடவைக்குப் பத்துக் குண்டு என்றிருந்ததை ஐந்தாக்கினார்கள். பெரியண்ணனுக்கு இதில் ஏகப்பட்ட கோபம். எனக்கு இல்லை. ஒரே இடத்தில் நின்று ஆறாவது குண்டுக்குக் கை போகிறதென்றால் அங்கே ரொம்ப நேரமாக நிற்கிறோம் என்று பொருள்.

முறுக்கு அதிகமாகிவிட்டது. பயிற்சி நாளை.

4 நவம்பர், திங்கட்கிழமை

நேற்று தொழில்முறை கவுண்டர் ஸ்ட்ரைக் அணிகளின் பிளாஸ்ட் பிரீமியர் உலக இறுதிப் போட்டி. நடந்தது இதே சிங்கப்பூரில்; நான் பார்த்தது பணி முடிந்து வந்து, வீட்டுத் திரையில். ஜி2 அணி ஸ்பிரிட் அணியை வென்றது. ஒரு பக்கம் மொனெசி, மறுபக்கம் ஷிரோ, இருவர் கையிலும் ஏடபிள்யூபி. மொனெசி தேடிப் போகிறவர். ஷிரோ செலவாளி அல்ல. உயிரையும் துப்பாக்கியையும் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோவதில் பெயர் எடுத்தவர்.

வர்ணனையாளர்கள் சுடுதல்களுக்குக் கத்தினார்கள். நான் மூலையில் இருக்கும் சிறிய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீளத் துப்பாக்கி இருக்கும் சாலைக்கு மூன்று புள்ளிகள் வரும், நிற்கும், திரும்பிப் போகும். ஒரு குண்டும் வெடித்திருக்காது. கேமரா அங்கே போகவே போகாது. தம்பியிடம் காட்டினேன். “போர் அடிக்கிறது அக்கா” என்று சொல்லிவிட்டு மொனெசியின் பழைய தொகுப்புக் காணொளியைத் திறந்தான்.

9 நவம்பர், சனிக்கிழமை

அரையிறுதி வரை போனோம். எதிரில் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பையன்கள். களம் டஸ்ட் 2.

எழுத வேண்டியது ஒரு சுற்றைப் பற்றித்தான். 8–9 என்று பின்தங்கியிருக்கிறோம், காக்கும் அணி நாங்கள். வெடிகுண்டு வைக்கும் இடங்கள் ஏ, பி என்று இரண்டு; பி பக்கம் வைத்துவிட்டார்கள். எங்களில் மிச்சம் நானும் மலாய் நண்பனும், அவர்களில் நால்வர். வெடிக்க 40 வினாடி. செத்துவிட்ட பெரியண்ணன் காதில், “விடு, துப்பாக்கியைக் காப்பாற்று” என்றார். இருவரும் ஏ பக்கம் ஓடினோம். பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. யாரோ ஒரு ஐயா தமிழிலேயே, “பயந்தாங்கொள்ளி!” என்றார். தம்பியும் நாற்காலியில் நெளிந்தான்.

இருவர் எங்களைத் தேடி வந்தார்கள். லாங் என்ற நீண்ட பாதையின் பக்கக் குழியில் உட்கார்ந்துகொண்டு நான் சுடவில்லை. காலடிச் சத்தம் கதவு வரை வந்து நின்றது. வெடிகுண்டு வெடித்தது, சுற்று போனது, 4,750 வெள்ளி என் கையில் மிஞ்சியது. தோல்விக்கான தொகையும் வந்ததால், காசில்லாமல் நின்ற சீன நண்பனுக்கு நான் ரைஃபிள் வாங்கிப் போட முடிந்தது. அடுத்த சுற்றில் அவர்கள் எங்களிடம் கைத்துப்பாக்கிதான் இருக்கும் என்று நினைத்து லாங் கதவு வழியாக விறுவிறுவென்று வந்தார்கள். முதல் ஆள் மார்பில் ஒன்று. கத்தி, ஓட்டம், காரின் பின்பக்கம். நான் இன்னும் பழைய இடத்தில் இருக்கிறேன் என்று நம்பி எட்டிய இரண்டாமவனுக்கு இன்னொன்று. மிச்சத்தைத் தம்பியும் அந்தச் சீன நண்பனும் பார்த்துக்கொண்டார்கள். 9–10.

ஆனாலும் 11–13 என்று தோற்றோம். அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான்.

பிறகு கீழே உணவங்காடி நிலையத்தில் புரோட்டாவும் கோப்பியும். தோற்கடித்த பையன்களும் பக்கத்து மேசைக்கு வந்தார்கள். அவர்களின் தலைவன், “அக்கா, மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நடுப்பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்” என்றான். தம்பி கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த போட்டிக்குத் தனக்கும் ஏடபிள்யூபி வேண்டும் என்கிறான் அவன். தாக்கும் பாதியில் நீ எடு, காக்கும் பாதி எனக்கு என்று சொல்லியிருக்கிறேன். பெரியண்ணன் இரண்டு பேருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.