தாத்தாவின் சுருட்டுப் பெட்டி

பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் சுருட்டுப் பெட்டி கையில் கிடைத்தது.

மெல்லிய மரம். மூடியில் பாதி அழிந்த எழுத்தில் ஸ்பென்சர். உள்ளே சுருட்டு இல்லை, பாட்டி சேர்த்து வைத்த சட்டைப் பொத்தான்கள். மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் லேசாகப் புகையிலை வாசம்.

சுருட்டியது திண்டுக்கல்லில். விற்றது மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் கடைக்காக 1895-ல் எழுந்த அந்தப் பெரிய கட்டடத்தில். கட்டடக் கலைஞர் போக்சன் வரைந்த இந்தோ சாரசெனிக் அழகு, அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்தது. 1860-களில் சின்னதாகத் தொடங்கிய கடை அது.

தாத்தா அதற்குள் ஒரே ஒரு முறைதான் போனாராம். உயரமான கூரையைப் பார்த்து நின்றவர், வந்த வேலையை மறந்துவிட்டாராம். அப்புறம் வாங்கியது இந்த ஒரு பெட்டி. பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழையும்.

1983-ல் அந்தக் கட்டடம் தீக்கிரையானது. இப்போது அதே இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகம். அங்கே எத்தனையோ முறை சுற்றியிருக்கிறேன், தாத்தா நின்ற இடம் எதுவென்று ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று மனசு கனத்துவிட்டது.

எரிந்துபோன ஒரு கடையில் மிச்சமிருப்பது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கலாம், பாருங்கள்.

பொத்தான்களை எடுக்கவில்லை. பெட்டியை அப்படியே மூடி, மேசைமேல் வைத்திருக்கிறேன்.