பேரிடர் நிவாரண முகாமில் குழந்தைகளோடு உட்காரப் போகிறீர்களா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் குழந்தைகளுக்கு உதவ வந்தவர்களுக்குக் குறைவில்லை. பலரும் முதலில் கேட்டது: "அலை வந்தப்ப என்ன பார்த்த?" கேட்கவே கூடாத கேள்வி அது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

ஒரு பாய், கிரேயான், களிமண், பந்து, ஸ்கிப்பிங் கயிறு போதும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பேர், தினமும் அதே நேரம், அதே முகம். மூன்று நாள் ஒட்டிப் பழகிவிட்டுக் காணாமல் போவது இன்னொரு இழப்பு. கிளம்பும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மணலில் வீடு கட்டி "அலை வருது" என்று இடித்து விளையாடுவார்கள். பதறித் தடுக்காதீர்கள், பயத்தைக் கையாளும் வழி அது. அதே ஆட்டம் நாள்கணக்கில் மாறாமல், பிள்ளை மேலும் கலங்கினால்தான் கவனிக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பதும் சகஜம், திட்டினால் கூடும்.

அம்மாவைக் காணாத பிள்ளையிடம் "அம்மா வந்துருவாங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். இறந்தது உறுதியானால், நெருங்கிய உறவினர் எளிய சொற்களில் உண்மையைச் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமோ சாப்பாடோ சரியாக இல்லையென்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். தான் சாக வேண்டும் என்று பேசினால் அன்றைக்கே. துணையில்லாத பிள்ளைக்கு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். போட்டோ வேண்டாம்.