மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

பள்ளி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக உயிரியல் கற்பித்து வருகிறேன். புதிய வகுப்பு தொடங்கும் முதல் நாளில் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை. காய்ந்த மரக்கட்டை ஒன்றை மேசையின்மேல் வைத்து, “கையில் அடங்கும் ஒரு விதையிலிருந்து வளர்ந்த மரத்தின் துண்டு இது, விதையில் இல்லாத இவ்வளவு எடையும் எங்கிருந்து வந்து சேர்ந்தது?” என்று கேட்பேன். பெரும்பாலோர் மண்ணிலிருந்து என்பார்கள். சிலர் தண்ணீரிலிருந்து என்பார்கள். சூரிய ஒளியிலிருந்து என்று சொல்பவர்களும் உண்டு. காற்றிலிருந்து என்ற விடை முதல் சுற்றில் எழுவது மிக அரிது. இத்தனைக்கும் ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை எழுதச் சொன்னால், அதே மாணவர்கள் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள்.

பச்சையம் எந்த நுண்ணுறுப்பில் இருக்கிறது, இலைத்துளையின் பணி யாது என்பன போன்ற ஒரு வரி வினாக்கள் தேவைதான். பெயர்கள் தெரியாமல் பாடத்துக்குள் நுழைய முடியாது. ஆயினும் மனப்பாடமாக இருக்கும் சமன்பாட்டைக் கண்ணெதிரே கிடக்கும் கட்டையோடு பொருத்திப் பார்க்க வைக்கும் வினாவையே நான் அடிப்படை வினா என்று கருதுகிறேன். அத்தகைய வினாக்கள் நம் தேர்வுத்தாள்களில் குறைவாகவே இடம்பெறுகின்றன என்பது என் நெடுநாளைய வருத்தம்.

மண் என்று சொல்லும் மாணவர்களை நான் உடனே திருத்துவதில்லை. பிரசெல்ஸ் நகரில் பிறந்த வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் செய்த சோதனையை அவர்களுக்குச் சொல்வேன். உலையில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டைத் தாண்டியிருந்தது. மீண்டும் உலர்த்தி நிறுத்த மண்ணிலோ ஏறத்தாழ 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம் அளவே குறைந்திருந்தது. அவர் மறைந்த பிறகு 1648இல் வெளியான நூலில் இந்தச் சோதனை பதிவாகியுள்ளது. மண் மரமாக மாறுவதில்லை என்பதை அது தெளிவாகக் காட்டியது. ஆனால் எடை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவுகட்டியது பிழை.

இந்தப் பிழையில் மாணவர்களை நான் சற்று நேரம் நிறுத்தி வைப்பதுண்டு. ஏனெனில், ‘கேஸ்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் வான் ஹெல்மான்ட்தான். 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பலே எஞ்சுகிறது, மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகப் போய்விடுகிறது என்று எழுதியவரும் அவரே. இன்று கார்பன் டை ஆக்சைடு என்று நாம் அழைக்கும் அந்த வாயு, எரியும் கட்டையிலிருந்து வெளியேறுவதை அறிந்தவருக்கு, வளரும் கட்டைக்குள் அது நுழைந்திருக்கலாம் என்ற எண்ணம் எழவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே தோன்றாத ஒன்று ஒரு மாணவருக்கு உடனே தோன்றவில்லை என்பதற்காக அவரை அதட்டுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

உண்மையான தடை, காற்றுக்கு எடை உண்டு என்பதை மனம் ஏற்க மறுப்பதுதான். தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. அதில் கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், அந்த ஒரு கன மீட்டரில் அதன் எடை ஒரு கிராமைக்கூட எட்டாது. இவ்வளவு நீர்த்த இருப்பிலிருந்து ஒரு பெருமரம் தன் உடலைக் கட்டிக்கொள்கிறது என்பது, எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்புக் குறையாத செய்தி.

பிறகு கணக்குக்கு வருவோம். ஒளிச்சேர்க்கையில் செடி உருவாக்கும் சர்க்கரை குளுக்கோஸ். 180 கிராம் குளுக்கோஸில் கார்பன் 72 கிராம், ஆக்சிஜன் 96 கிராம், ஹைட்ரஜன் 12 கிராம். செடி வெளியிடும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்பதைக் ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பை, அதாவது எடை கூடிய அணுவகையை, கொண்டு ரூபன், காமன் என்ற அறிவியலாளர்களும் அவர்களுடன் பணியாற்றியோரும் 1941இல் காட்டினார்கள். அப்படியானால் குளுக்கோஸில் உள்ள கார்பனும் ஆக்சிஜனும், அதாவது 180இல் 168 கிராம், காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடின் பங்கு; நீர் தந்தது 12 கிராம் ஹைட்ரஜன் மட்டுமே. ஒளி ஆற்றலைத் தருகிறது, எடையைத் தருவதில்லை. மண்ணிலிருந்து வரும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பச்சையத்தின் நடுவே அமரும் மெக்னீசியம் ஆகியவை அளவில் சிறியவை என்றாலும் அவையின்றிச் செடி வளராது. ஆகவே மண் என்று சொன்ன மாணவரும் முற்றிலும் தவறிவிடவில்லை.

இதே வினாவைத் திருப்பியும் கேட்கலாம். ஒருவர் உடல் எடையில் 10 கிலோ கொழுப்பைக் குறைத்தால், அந்தக் கொழுப்பு எங்கே போனது? வியர்வையாக, வெப்பமாக, ஆற்றலாக என்று விடைகள் வரும். உடலில் கொழுப்பு முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது, அந்த 10 கிலோவில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சுவழியே வெளியேறுகிறது, 1.6 கிலோ நீராகிறது. மரம் காற்றிலிருந்து எடுத்ததை நாம் காற்றுக்கே திருப்பித் தருகிறோம். செடியும் இரவு பகல் பாராமல் சுவாசிக்கிறது என்பதை இந்த இடத்தில் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. இரவில் மட்டும் அது சுவாசிப்பதாகப் பலர் நம்புகிறார்கள்.

இவற்றைப் பேசி முடித்தபின் ஒரு சோதனைக்குப் போவோம். ஒரே எடையுள்ள இரண்டு பங்கு விதைகளை எடுத்து, ஒன்றை அப்படியே அடுப்பில் உலர்த்தி நிறுத்து வைக்க வேண்டும். மற்றதை ஈரத்துணியில் வைத்து, முழு இருட்டில் பத்து நாள் முளைக்கவிட்டு, பிறகு வேர் முதல் நுனி வரை எதையும் விடாமல் உலர்த்தி நிறுக்க வேண்டும். உலர்த்துவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் கணிப்பைத் தாளில் எழுதித் தருவார்கள். வெளுத்து நீண்ட நாற்றுகளைக் கண்ணால் பார்த்தவர்கள், எடை கூடியிருக்கும் என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். தராசோ குறைவாகக் காட்டுகிறது. சென்ற முறை மூன்று தடவை நிறுத்தும் எண் மாறாததைக் கண்ட ஒரு மாணவி, நெடுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, “ஒளியில்லாததால் புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை, விதைக்குள் இருந்ததைக் கரைத்தே நீண்டிருக்கிறது. குறைந்த எடை இந்த அறையின் காற்றில்தான் இருக்கிறது” என்றாள்.