அப்பிச்சியின் தூக்குப்போசி

எம்.இ. ப்ராஜெக்டுக்கு நொய்யல் ஆற்றின் வண்டலை எடுத்துக்கொண்டேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஆலாந்துறைப் பக்கம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீடு இருந்தது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை.

சனிக்கிழமைதோறும் போய்ப் பாலத்தில் நிற்பேன். கம்பியில் மாட்டிய பாட்டிலை ஆற்றுத்தரை வரைக்கும் ஒரே வேகத்தில் இறக்கி, அதே வேகத்தில் தூக்க வேண்டும். அப்போதுதான் எல்லா ஆழத்துத் தண்ணீரும் சரியான பங்கில் சேரும். பாட்டில் முழுக்க நிரம்பிவிட்டால் அது செல்லாது, கொட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். அப்புறம் லேபில் வடிகட்டி, தாளை 105 டிகிரியில் காயவைத்து எடை போடுவேன்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை ராத்திரி வெள்ளிங்கிரி மலையில் நல்ல மழை. சனிக்கிழமை நான் போனபோதும் ஆற்றில் தண்ணீர் நிறையத்தான் ஓடியது. ஆனால் வடிகட்டிய தாளில் லேசாகத்தான் பழுப்பு ஏறியது.

"பந்தி முடிஞ்சு எலை எடுத்தப்பறம் வந்து நிக்கறயே கண்ணு" என்று சிரித்தார் அப்பிச்சி. புதன் ராத்திரி தூக்குப்போசியில் மொண்டு வைத்த தண்ணீரைக் காட்டினார். அடியில் விரற்கடை உயரத்துக்குச் செம்மண்.

ஏறும் வெள்ளம் காட்டிலும் கரையிலும் கிடக்கும் உதிரி மண்ணை வாரிக்கொண்டு வரும். இறங்கும்போது அதே அளவு தண்ணீர் ஓடினாலும் வாருவதற்கு மண் மிஞ்சியிருக்காது. வினாடிக்கு 10 கனமீட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் மண் இருந்தால் நாளைக்கு 864 டன், 0.05 கிராம் என்றால் வெறும் 43 டன். நானோ தண்ணீரின் அளவுக்கும் வண்டலின் அளவுக்கும் லாக் (மடக்கை) தாளில் ஒற்றைக் கோடு போட்டு வருஷக் கணக்கே சொல்லப் பார்த்தேன். லாக் கோட்டிலிருந்து சாதா எண்ணுக்குத் திருப்பிக் கணக்கிட்டால் தொகை குறைவாகவே வரும். அதற்குப் புள்ளியியலாளர் டுவான் 1983-ல் சொன்ன திருத்தம் இருக்கிறது, போட்டேன். தவறவிட்ட ராத்திரிக்கு எந்தத் திருத்தத்தைப் போடுவது?

போசித் தண்ணீரைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. கரையோரம் மேலாக மொண்டது அது. மணலெல்லாம் அடியில் போய்விடும். தரையோடு உருளும் மணல் என் பாட்டிலுக்கே சிக்காது என்பது வேறு கதை.

அடுத்த மழைக்கு முன்னால் அப்பிச்சிக்குக் கம்பியையும் இரண்டு டஜன் பாட்டிலையும் கொடுத்து, பாலத்தில் நின்று இறக்கப் பழக்கினேன். மணிக்கு ஒன்று, நேரத்தை எழுதி ஒட்டுங்க என்றேன். வெள்ளம் வந்தது. பாட்டில்களும் வந்தன, அழகாக வரிசையாக. நாலாவதில் ஒட்டியிருந்தது: "பால்காரன் வந்தப்போ."

பால்காரரைத் தேடிப்பிடித்து, 5.10 என்று எழுதிக்கொண்டேன்.