ஒபீலியாவில் வீலம் எங்கே?

ஊட்டியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் பதினான்கு வருஷம் அட்டெண்டராக இருந்தேன். சேர்ந்த வருஷம் ஜனவரி உறைபனியில், ஃபார்மலின் பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கெட்டுப்போச்சு என்று கொட்டிவிட்டேன். குளிரில் ஃபார்மால்டிஹைடு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அப்படித்தான் படியும் என்று மேடம் திட்டியபோதுதான் தெரிந்தது.

பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. பிராக்டிகலுக்கு முந்தின நாள் சொறிமீன் ஜாடிகளைக் காட்டி ஒரு குறுக்குவழி சொல்லுவேன்: குடையின் விளிம்பிலிருந்து உள்பக்கமாக மெல்லிய சவ்வு வளையம் மாதிரி வந்தால் அது வீலம், விலங்கு ஹைட்ரோசோவா என்ற வகுப்பு. அது இல்லையென்றால் ஆரீலியா மாதிரி சைஃபோசோவா என்ற இன்னொரு வகுப்பு.

ஒரு வருஷம் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், கோத்தகிரிப் பெண்ணிடம் ஒபீலியா என்ற கடல் விலங்கின் மெடூசா (குடை மாதிரி நீந்தும் பருவம்) ஸ்லைடைக் கொடுத்தார். "ஹைட்ரோசோவா சார், வீலம் இருக்கும்" என்றாள். "காட்டும்மா" என்றார். ஐந்து நிமிஷம் ஸ்லைடை நகர்த்தினாள். வெளியே வந்ததும் என்னிடம், "அண்ணா, நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்?"

அன்று சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் நானே உட்கார்ந்தேன். ஒபீலியாவின் குடை சாஸர் மாதிரி தட்டை. வீலம் பேருக்குத்தான், தேய்ந்துபோன ஒன்று. நடுவில் மானுப்ரியம் என்ற குழாய் தொங்குகிறது, அதன் நுனியில் சதுர வாய். அங்கிருந்து விளிம்புக்கு நான்கு ஆரக்கால்வாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி கோத்தது போல இனப்பெருக்க உறுப்பு. இந்த மணிகள்தான் உண்மையான அடையாளம் என்று பாடப்புத்தகத்தைப் புரட்டியபின் புரிந்தது. கால்வாயில் இருந்தால் லெப்டோமெடூசா என்ற பிரிவு, அதன் பாலிப் (ஒட்டி வாழும் பருவம்) கிண்ணம் போன்ற உறைக்குள் இருக்கும். மானுப்ரியத்திலேயே ஒட்டியிருந்தால் ஆந்தோமெடூசா, பாலிப்புக்கு உறை கிடையாது. ட்ரக்கிமெடூசாக்களுக்கோ பாலிப் பருவமே இல்லை.

பழைய ஆய்வாளர்கள் பாறையில் செடி மாதிரி ஒட்டியிருந்த பாலிப்புக்கு ஒரு பெயரும், நீந்தித் திரிந்த மெடூசாவுக்கு வேறொரு பெயரும் வைத்த கதையும் அங்கேதான் படித்தேன். ஒரே உயிருக்கு இரண்டு பெயர்! என் குறுக்குவழியை அவர்கள் மன்னித்திருப்பார்கள்.

ஸ்லைடுப் பெட்டியில் பென்சிலால் 'வீலம் தேடாதே' என்று எழுதி ஒட்டினேன். அடுத்த வருஷம் ஸ்பாட்டர் (பரீட்சையில் பார்த்து அடையாளம் சொல்ல வைக்கும் மாதிரிகள்) அடுக்கும்போது மேடம் அதைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டார். பரீட்சையில் விடை சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம்.